சாப்பாட்டுக்கு முன் இன்னும் ஒரு பயிற்சி

இந்த அறையில் நாற்காலிகளைப் போட்டிருக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லலாமா, மேடம்? தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரை மேசைக்கு அந்தப் பக்கமும் இன்னொருவரை நேர் எதிரேயும் உட்காரவைத்தால் பேச்சு வாதமாகிவிடும். மேசையின் ஒரு மூலை நடுவில் இருக்கும்படி சற்றுச் சாய்வாக உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் தானாகவே பேச ஆரம்பிப்பார். இதை நான் எத்தனையோ ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் விஷயத்தில் அது தேவைப்படாது. எல்லாவற்றையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் உதவியாளர் கையால் எழுதுகிறார், பாவம். அவருக்கு விரல் வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் மேம்பாட்டு மையத்துக்கு இயக்குநர். மையம் நூலகக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருக்கிறது. லிஃப்ட் அதற்குக் கீழ்மாடியோடு நின்றுவிடும். அதனால் வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டும் கொஞ்சம் கடுகடுப்போடும்தான் உள்ளே நுழைவார்கள். வேதியியல் படித்தவருக்கு வேதியியல் தெரியும், சட்டம் படித்தவருக்குச் சட்டம் தெரியும். தெரிந்ததை இன்னொருவர் மண்டையில் ஏற்றுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்காகத்தான் நாங்கள் பயிலரங்குகள் நடத்துகிறோம். பதவி உயர்வுக்கு எங்கள் சான்றிதழ் வேண்டும் என்று பதிவாளர் ஓர் உத்தரவு போட்டிருந்தார். ஆகவே கூட்டத்துக்குப் பஞ்சமில்லை, ஆர்வத்துக்குத்தான்.

சட்டத்துறைக்காரர் ஒருவர் மேசைக்கு அடியில் வைத்து விடைத்தாள் திருத்துவார். புள்ளியியல் அம்மையார் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். அடுத்த பருவத்துப் பயிலரங்கில்தான் திரும்பி வருவார். இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் ஒரு விதி கொண்டுவந்தேன். காலையில் வந்ததும் கைபேசி, பை எல்லாவற்றையும் முன்னால் இருக்கும் அலமாரியில் வைத்துவிட வேண்டும். அலமாரியைப் பூட்டிச் சாவியை நான் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது. பை உள்ளே இருந்தால் மனிதர்கள் எங்கும் போவதில்லை.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருப்பேன். தலைப்பு ‘கேள்விகள் நிறுத்துமிடம்’. பயிற்சிக்கு நடுவே யாராவது சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்டால், அதை மஞ்சள் துண்டுத்தாளில் எழுதி அங்கே ஒட்டிவிடுவேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். பெரும்பாலும் பார்க்க நேரம் இருக்காது. ஆனால் கேட்டவர் அமைதியாகிவிடுவார். தன் கேள்வியைச் சுவரில் பார்த்தாலே பலருக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

எங்கள் பயிலரங்கில் மிக முக்கியமான பாடம் காத்திருப்பது. நீங்கள் கவனித்திருப்பீர்கள், ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார், மாணவன் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிடுவார். மௌனம் வந்தால் ஆசிரியருக்குத் தாங்காது. கேள்வி கேட்டபின் பேசாமல் நிற்க வேண்டும். மாணவன் நெளிவான், வியர்ப்பான், தரையைப் பார்ப்பான். உதவி செய்யக் கூடாது. பக்கத்தில் இருப்பவனும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அப்படி நின்றால் பதில் வரும். இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். எனக்கு நன்றாக வரும். வேறு எது வருகிறதோ இல்லையோ, காத்திருக்க எனக்கு வரும்.

நானும் ஆரம்பத்தில் இயற்பியல் ஆசிரியன்தான். நானும் மச்சானும் ஒரே சமயத்தில் துறையில் சேர்ந்தோம். அப்போது அவர் எனக்கு மச்சான் இல்லை, பக்கத்து மேசைக்காரர். என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போய்த் தன் தங்கையை அறிமுகப்படுத்தியவர் அவரே. பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தவரும் அவரே. “மாப்பிள்ளை நம்ம ஆளு, சத்தமே போட மாட்டான்” என்று அவர் அம்மாவிடம் சொன்னாராம். அது உண்மை. என் வகுப்பில் நான் சத்தம் போட்டதில்லை. மாணவர்களும் போட்டதில்லை. பின்வரிசையில் சிலர் தலையை மேசையில் வைத்து இளைப்பாறுவார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் துறைத்தலைவர் என்னை அழைத்து, புதிதாக ஒரு மையம் தொடங்குகிறார்கள், அதற்குப் பொறுமையான ஆள் வேண்டுமாம் என்றார். அதைப் பதவி உயர்வு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

மச்சானின் கதை வேறு. மாணவர்கள் அவரை ‘இடி சார்’ என்பார்கள். பெரிய அரங்கில்கூட மைக் வைத்துக்கொள்ள மாட்டார். திட்டம் இல்லை, குறிப்பு இல்லை, கற்றல் விளைவுகள் என்னவென்று பலகையில் எழுதும் வழக்கமும் இல்லை. வருவார், மேசைமேல் ஏறி உட்காருவார், ஆரம்பித்துவிடுவார். நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முறைகளின்படி பார்த்தால் அவர் செய்தது எல்லாமே தவறு. வணிகவியல் படிக்கும் பிள்ளைகள்கூட அவர் வகுப்பில் திருட்டுத்தனமாக வந்து உட்காருவார்கள்.

என் மகளும் இயற்பியல்தான் எடுத்தாள். அவள் மாமா வகுப்பு முடிந்து வந்த நாட்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அன்றைய பாடம் மறுபடியும் நடக்கும். மாமாவைப் போலவே கையை ஆட்டி, குரலை ஏற்றி, உப்பு டப்பாவையும் தண்ணீர் ஜக்கையும் கிரகங்களாக்கி நடத்துவாள். அவள் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவாள். ஒருநாள் நான், “மாமா பேசறப்போ யாராவது கேள்வி கேக்க முடியுதா? அது ஒருவழிப் பாதை ஆச்சே” என்றேன். மகள் நல்ல பெண்தான், மேடம். என்னைப் புண்படுத்தும் எண்ணமே இல்லாமல் சொன்னாள்: “அப்பா, மாமா சொல்லிக்குடுக்கிறாங்க. நீங்க சொல்லிக்குடுக்கிறதைப் பத்திச் சொல்லிக்குடுக்கிறீங்க.” அப்போதுதான் எனக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயரும் தெரிய வந்தது. ‘சார்ட் சார்’. நல்ல பெயர்தான். வேறு சிலருக்கு வைத்திருக்கும் பெயரையெல்லாம் பார்த்தால் இது மரியாதையானது.

இதையெல்லாம் பொறாமை என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துறை சார்ந்த கருத்து வேறுபாடு என்று போட்டால் பொருத்தமாக இருக்கும்.

மச்சானுக்குச் சர்க்கரை வியாதி. பல வருடங்களாக ஊசி. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வயிற்றில் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். இறங்கினால் முதலில் இடது புருவத்தைத் தேய்ப்பார். அடுத்து நெற்றி வியர்க்கும். பிறகு வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கேட்கிறவர்களுக்குக் குடித்திருக்கிறாரோ என்று தோன்றும். அதற்காகவே சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பார். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆனது. பேசிக்கொண்டே இருந்தவர் புருவத்தைத் தேய்த்தார். மற்றவர்கள் கவனிப்பதற்குள் நான் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி அவர் வாயில் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். “மாப்பிள்ளை, உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதுடா” என்றார். என் மனைவி அன்று முழுவதும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தாள். அந்த வருடமே அவருக்கு இதயத்திலும் ஓர் அடைப்பு கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். இந்த விவரங்கள் உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். எனக்குத் தெரியாது என்று பிறகு யாரும் வாதாடக் கூடாது.

இந்தப் பருவம் தொடங்கியபோது கல்விக் குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. பயிலரங்கைக் கட்டாயமாக்கியது சரியா, விருப்பப்பட்டவர்கள் மட்டும் வந்தால் போதாதா என்று. எழுப்பியவர் மச்சான். விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நானும் என் சார்ட்டும் மட்டும் மிஞ்சுவோம். துணைவேந்தர் சாமர்த்தியசாலி. “நீங்க ஒரு தடவைகூடப் போனதில்லையே, சார். ஒருநாள் போய் உட்கார்ந்துட்டு வந்து சொல்லுங்க, அதையே முடிவா வச்சுக்கலாம்” என்று மச்சானிடமே பந்தைத் தள்ளிவிட்டார்.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்கு வந்தார். “மாப்பிள்ளை, மனசுல வச்சுக்காதே. எனக்குச் சரின்னு பட்டதைச் சொன்னேன். ஆனா வர்றேன். ஒழுங்கா உட்கார்ந்து கேக்கறேன்” என்றார். நான் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு உகந்த குழுவாகப் பார்த்துப் போட்டேன்.

அவர் உண்மையிலேயே ஒழுங்காக வந்தார். படியேறி வந்து மூச்சு வாங்க நின்று, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, தன் பையைத் தானே அலமாரியில் வைத்தார். வட்டமாக நின்று பந்தை எறிந்து பெயர் சொல்லும் அறிமுக விளையாட்டில்கூடச் சலிக்காமல் கலந்துகொண்டார். நான் காத்திருப்பது பற்றிப் பேசினேன். எப்போதும்போலச் சட்டத்துறைக்காரர் கொட்டாவி விட்டார், புள்ளியியல் அம்மையார் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

தேநீர் இடைவேளையில் என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “மாப்பிள்ளை, நான் உன் வேலையைத் தப்பா எடை போட்டுட்டேன்டா. இத்தனை வருஷமா நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன். பசங்களைப் பேசவே விடலை. இன்னைக்கு நீ சொன்னப்போ சுருக்குன்னு இருந்துச்சு” என்றார். கல்விக் குழுவில் என் பக்கம்தான் பேசப்போவதாகவும் சொன்னார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆகவே, மேடம், மையத்தைக் காப்பாற்றுவதற்காக இதைச் செய்தேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் அதை அடித்துவிடலாம். மையம் அப்போதே காப்பாற்றப்பட்டுவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு சிறு பாடம் நடத்தும் பயிற்சி. ஒருவர் கொஞ்ச நேரம் பாடம் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். மச்சான் கையைத் தூக்கினார். “இந்தக் காத்திருக்கிற விஷயத்தை நான் ஒருதடவை பண்ணிப் பார்க்கட்டுமா?”

மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். “எல்லாரும் மேசைப் பலகையைத் தொடுங்க. இப்போ மேசையோட இரும்புக் காலைத் தொடுங்க. எது சில்லுன்னு இருக்கு?” என்றார். இரும்பு என்றார்கள். “ரெண்டும் ராத்திரி முழுக்க இதே ரூம்லதான் இருந்துச்சு. ரெண்டும் ஒரே சூடுதான். சந்தேகம்னா தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. அப்போ உங்க கை ஏன் பொய் சொல்லுது?”

கேட்டுவிட்டு நிறுத்தினார்.

இடி சார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. சட்டத்துறைக்காரர் குனிந்து இரும்புக் காலைத் தடவினார். புள்ளியியல் அம்மையார் கன்னத்தை மேசையில் வைத்துப் பார்த்தார். யாரும் பேசவில்லை, ஆனால் அந்த மௌனம் என் பயிலரங்கில் வரும் மௌனம் இல்லை. அறையே கொதிக்கும் பாத்திரம் மாதிரி இருந்தது. கடைசியில் வரலாற்றுத் துறை ஆசிரியர், ஒரு வருடமாக எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத மனிதர், மெதுவாகச் சொன்னார்: “பொய் இல்லை சார். இரும்பு என் கைச்சூட்டை வேகமா பிடுங்கிக்குது. பலகை பிடுங்கலை. கை சொல்றது இரும்போட சூட்டை இல்லை, தன்னோட சூடு போற வேகத்தை.”

அறையில் கைத்தட்டல். மச்சான் மேசையிலிருந்து குதித்து அவரைக் கட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த மிட்டாயை எடுத்து அவருக்கு ஒன்று கொடுத்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவருக்கு, அதற்குப் பக்கத்தில் இருந்தவருக்கு என்று கொடுத்துக்கொண்டே போய்ப் பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினார். தீர்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புள்ளியியல் அம்மையார் என்னிடம் வந்து, “இந்தப் பயிலரங்கை அவரே நடத்தினா என்ன சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். காத்திருப்பது நான் கற்று, நான் பயின்று, வருடக்கணக்காக நான் சொல்லிவந்த பாடம். அவர் அதைக் காலையில் கேட்டார், தேநீர் குடித்தார், செய்துவிட்டார். என்னைவிட நன்றாக. நான் கோபப்படவில்லை. பயிற்சியின் நோக்கம் நிறைவேறியது என்று நினைத்தேன். அதோடு, அவரிடம் இன்னும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது என்றும் தோன்றியது. அவர் காத்திருந்தார், சரி. ஆனால் பதில் வரும் என்று தெரிந்து காத்திருந்தார். பதில் வராத இடத்திலும் காத்திருப்பவனே உண்மையில் காத்திருக்கத் தெரிந்தவன்.

சாப்பாட்டு வேளை நெருங்கியது. நான் மச்சானிடம் போய், “சாப்பாடு வந்துடுச்சு மச்சான். ஊசி போட்டுட்டு வந்துடுங்க” என்றேன். அலமாரியைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தேன். கழிப்பறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். பையை வாங்கி மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன். எல்லோரும் எழுந்து கதவை நோக்கிப் போகும்போது கையைத் தட்டி, “சாப்பாட்டுக்கு முன் இன்னும் ஒரு பயிற்சி” என்றேன்.

முனகல் எழுந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். “மாப்பிள்ளை, நான் போட்டுட்டேனே.”

“சின்னப் பயிற்சிதான் மச்சான். உங்களை வச்சுத்தான் பண்ணப்போறேன். காலையில ரொம்ப நல்லா பண்ணீங்க.”

அவருக்கு மகிழ்ச்சி. அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அது இந்த நிகழ்ச்சிக்கு ஓரளவு காரணம் என்றே சொல்லலாம்.

குழுக்கள் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் சார்ட்டில் படம் வரைய வேண்டும். வரைந்ததை ஒவ்வொருவராக விளக்க வேண்டும். சாப்பாடு கொண்டுவந்தவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “சார், ஆறிப்போகுது.” ஆறட்டும் என்றேன். யாரோ, “எப்போ சாப்பிடலாம்?” என்றார்கள். எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

குழுக்கள் விளக்கி முடித்தபோது மச்சான் இடது புருவத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். அப்போது அவரை எழுந்து முன்னால் வரச் சொன்னேன். மற்றவர்களிடம் விதியை ஞாபகப்படுத்தினேன். இப்போது ஒரு கேள்வி கேட்பேன், பதில் வரும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது, எடுத்துக்கொடுக்கக் கூடாது, அவருக்கு உரிய மௌனத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவர்களும் தலையாட்டினார்கள். காலை முழுவதும் அதைத்தானே படித்தார்கள்.

“பேராசிரியர் அவர்களே, கற்றல் என்றால் என்ன?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. “அது வந்து... இரும்பு... கை... பிடுங்கி...” என்றார். சொற்கள் ஒட்டிக்கொண்டன. சிலர் சிரித்தார்கள், இடி சார் நடிக்கிறார் என்று நினைத்து. நான் விரலை உயர்த்தி அமைதி காக்கச் சொன்னேன். அவர் கை சட்டைப் பைக்குள் போய்த் துழாவியது. வெறுங்கையாக வெளியே வந்தது. மறுபடி போனது.

தாவரவியலில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பாதி எழுந்து, “சார், அவருக்கு உடம்பு சரியில்லை போல இருக்கே” என்றாள். கவனமுள்ள பெண். நல்ல ஆசிரியையாக வருவாள். அவள் சொன்னதையும் மஞ்சள் தாளில் எழுதி நிறுத்துமிடத்தில் ஒட்டினேன். ‘உடம்பு சரியில்லையா?’ என்று. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். பயிற்சி அப்படித்தான் வேலை செய்கிறது.

பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னேன். ‘அகநோக்கு’ என்று ஒரு பயிற்சி இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அன்று கற்றதை மனதில் ஓட்டிப் பார்ப்பது. நான் மணி அடிக்கும்வரை திறக்கக் கூடாது. பசியோடு இருப்பவர்கள் அதை விரும்பிச் செய்வார்கள், தூங்கலாம் அல்லவா. மூடினார்கள்.

அந்த அறையில் கண் திறந்திருந்தவர்கள் நானும் மச்சானும் மட்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே பார்வை. “மாப்பிள்ளை” என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. அலமாரிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மேசைமேல் தேநீருக்கு வைத்த சர்க்கரைக் கிண்ணம் எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் மேசையைப் பிடித்தார், பிடி நழுவியது, மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார், பிறகு படுத்தார். கை கால்கள் கொஞ்சம் உதறின. சார்ட் தாள்கள் கீழே கிடந்ததால் சத்தம் அதிகம் வரவில்லை.

நான் காத்திருந்தேன். உதறல் நிற்கும்வரை காத்திருந்தேன். நின்ற பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு மணி அடித்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். அலறினார்கள், தூக்கினார்கள், லிஃப்ட் வரைக்கும் படியில் இறக்கவேண்டியிருந்தது. சர்க்கரையைக் கரைத்து ஊற்றச் சொன்னவனே நான்தான். ஆனால் அவருக்கு விழுங்க முடியவில்லை. மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்து, “இதயம் ஏற்கெனவே பலவீனம். முன்கூட்டியே யாராவது ரெண்டு ஸ்பூன் சர்க்கரை குடுத்திருந்தா...” என்று சொல்லிவிட்டு முடிக்காமல் போய்விட்டார். மறுநாள் விடியலில் போய்விட்டார் மச்சான். என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தாங்கிக்கொண்டேன். எல்லா ஏற்பாடுகளையும் நானே ஓடியாடிச் செய்தேன். அதைப் பார்த்து உறவினர்கள், தங்கை புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன சாயங்காலம் என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“என்னங்க, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

“ஆமா.”

“அண்ணன் புருவத்தைத் தேய்ச்சாரா?”

“தேய்ச்சார்.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அங்கேயே நின்றாள். அழவில்லை, கத்தவில்லை, நகரவும் இல்லை. எந்தப் பயிலரங்குக்கும் வராதவள், மேடம். முறையாகக் கேட்டு முறையாக நிற்பவருக்கு முறையான பதில் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. உங்களிடம் சொன்ன வரிசையிலேயே அவளிடமும் சொன்னேன். முடித்தபோது, “ஏங்க?” என்றாள். ஒரே சொல். “உங்க அண்ணன் அன்னைக்கு ரொம்ப நல்லா பாடம் நடத்தினார்” என்றேன். என்னிடம் இருந்த உண்மையான பதில் அதுதான்.

அவள் மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து அழுகைச் சத்தம் ஏதும் கேட்கவில்லை, பேச்சுக்குரல் மட்டும் கேட்டது. நான் பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். காலையில் எழுந்தபோது இரண்டு பேரும் வீட்டில் இல்லை. உங்களிடம்தான் வந்திருப்பார்கள் என்று ஊகித்தேன். தப்பி ஓடும் எண்ணம் எனக்கு வரவே இல்லை. குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன்.

மச்சானின் வகுப்பு அன்று இருந்தது. வெப்பம் கடத்தப்படுவது பற்றிய பாடம் பாதியில் நின்றிருந்தது. யார் எடுப்பது என்று துறைத்தலைவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் எடுக்கிறேன் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே சொல்கிறேன், நீங்கள் பார்க்காத பகுதி. நான் நுழைந்தபோது பெரிய அரங்கு நிறைந்திருந்தது. முதலில் வழக்கமான சலசலப்பு. பாடத்தைத் தொடங்கிச் சற்று நேரத்தில் என் மகள் வந்தாள். முன்வரிசையில் இடம் விட்டார்கள். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அது ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போனது. அப்படியே பின்னால் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு அந்த அரங்கில் ஒரு தாள் அசையும் சத்தம்கூட இல்லை. மச்சான் வகுப்பில்கூட அப்படி ஓர் அமைதி இருந்திருக்காது. யாரும் தூங்கவில்லை. யாரும் கைபேசியைத் தொடவில்லை. அத்தனை கண்களும் என்மேலேயே இருந்தன. மேசைமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், வசதியாகத்தான் இருந்தது. இரும்பும் பலகையும் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவசரமில்லை என்று சொன்னேன். என் மகள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவயதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் பாதியில் எழுந்து போய்விடுகிற பெண் அவள். அன்று கடைசிவரை அசையவில்லை.

அப்போதுதான் நீங்களும் உங்கள் ஆட்களும் பின்கதவு வழியாக வந்தீர்கள். உங்களைப் பார்த்து நான் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தச் சொல்லவில்லை. முடியும்வரை சுவரோரமாக நின்றுகொண்டே கேட்டீர்கள். உட்கார இடம் கிடைக்காத அளவுக்கு என் வகுப்பு நிறைந்தது, மேடம், அன்றுதான் முதல் தடவை.